மூன்றாவது பெட்டியை அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிக்குக் கிட்ட கணினியும் போனும் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் டுபாயில் வியாபாரம் செய்யும் ஒருவரை அறிமுகப்படுத்தினார். அவர் சொல்லும் சிப், ஜிபிஎஸ் மொடியூல் போன்ற சாமான்களை நான் என் கடைப் பெயரில் அமெரிக்க விற்பனையாளரிடம் ஓடர் செய்ய வேண்டும். வந்ததும் பெட்டி மாற்றி, 'பாவித்த கணினி உதிரிப்பாகம்' என்று எழுதி டுபாய்க்கு அனுப்ப வேண்டும். பெறுமதியில் நூற்றுக்கு 8 எனக்கு. காசு முற்பணமாகவே வந்துவிடும். இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். மூன்றாவது பெட்டி கடையில் இருக்கிறது. நாலாவது ஓடரை விடுவதற்கு முன், சாமானைக் கடைசியில் யார், எதற்குப் பாவிக்கப் போகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும்படி விற்பனையாளர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். "யாழ்ப்பாணத்தில் விவசாயத்துக்கு ட்ரோன் செய்கிறேன் என்று எழுது" என்கிறார் அண்ணா. "இலங்கையில் தடை இல்லாத சாமான், அமெரிக்கச் சட்டம் உன்னை என்ன செய்யும்?" என்றும் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் அப்படி எழுதிக் கையெழுத்திட வேண்டாம். மூன்றாவது பெட்டியை அனுப்பவும் வேண்டாம். ஏன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

உங்கள் வயதை எழுதவில்லை. தொண்ணூறுகள் நினைவிருக்கும் வயதென்றால் விஷயம் உடனே விளங்கும், இல்லாவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். நான் அப்போது கொழும்பில் சுங்கத்தில் வேலை. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா கேட்பது ரோச் லைட்டுக்கு நாலு பற்றரி. ஒருநாளும் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. பற்றரி, சீமெந்து, யூரியா, எரிபொருள் எல்லாம் வடக்குக்குப் போகக்கூடாத சாமான். ரோச்சுக்குப் போடும் பற்றரி வேறொன்றுக்கும் உதவும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது எங்கள் பாடு. அந்தத் தடை சரியா பிழையா என்று வழக்காட நான் இங்கே வரவில்லை. ஒரே சாமானுக்கு இரண்டு வேலை இருக்கும்போது, தடை போடுகிறவன் அது போய்ச் சேரும் கையைத்தான் பார்ப்பான் என்பது எங்கள் ஊருக்குப் பழகிய பாடம். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்' என்பது இதைத்தான். உங்கள் கடையில் இருக்கும் பெட்டிக்குள்ளும் அதுதான் இருக்கிறது.

அண்ணா சொல்வதில் பாதி சரி. அந்த சிப்பை இலங்கைக்குக் கொண்டுவருவதை எங்கள் சட்டம் தடுக்கவில்லை. மற்றப் பாதியில்தான் வில்லங்கம். அமெரிக்காவின் ஏற்றுமதி நிர்வாக ஒழுங்குவிதிகள் ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதில்லை, சாமானைத் தொடர்ந்து போகின்றன. அமெரிக்காவில் உற்பத்தியான சாமான் கொழும்புக்கு வந்தாலும் டுபாய்க்குப் போனாலும் அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கும். இலங்கையிலிருந்து நீங்கள் டுபாய்க்கு அனுப்பியதற்கு அவர்கள் சட்டத்தில் 'மீள் ஏற்றுமதி' என்று பெயர். அமெரிக்காவுக்கு வெளியே செய்த சாமான்கூடச் சில வேளைகளில் தப்பாது. சீகேட் நிறுவனம் 74 இலட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை, அமெரிக்கா கட்டுப்பாடு போட்டிருந்த சீனாவின் ஹுவாவே நிறுவனத்துக்கு விற்றதற்காக 2023 ஏப்ரலில் 30 கோடி டொலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த டிஸ்க்குகள் அமெரிக்காவில் செய்தவை அல்ல. அமெரிக்கத் தொழில்நுட்பத்தின் நேரடி உற்பத்தி என்ற விதியில் அவை மாட்டின.

இதையெல்லாம் அமுல்படுத்துவது அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் உள்ள கைத்தொழில், பாதுகாப்புப் பணியகம். சுருக்கமாக பிஐஎஸ் என்பார்கள். வர்த்தகத் திணைக்களம் என்றதும் கோப்புத் தூசி தட்டும் அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் அமுலாக்கல் பிரிவு அதிகாரிகள் துப்பாக்கி வைத்திருக்கலாம், தேடுதல் ஆணையோடு உள்ளே வரலாம், கைது செய்யலாம். 2018இல் வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டம் வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 20 வருடம் வரை சிறையும் ஒவ்வொரு மீறலுக்கும் 10 இலட்சம் டொலர் வரை தண்டமும் வைத்திருக்கிறது. வழக்கு இல்லாமல் நிர்வாகரீதியாகத் தண்டிப்பதென்றால் 3 இலட்சம் டொலருக்கு மேல், அல்லது கொடுக்கல் வாங்கல் பெறுமதியின் இரு மடங்கு, எது கூடவோ அது. நூற்றுக்கு 8ஐ நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

"அவர்களுக்கு என்னை எப்படித் தெரியும்?" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். உங்களைத் தெரிய வேண்டியதில்லை, உங்கள் பேப்பரைத் தெரிந்தால் போதும். அமெரிக்காவிலிருந்து வெளியேறும் பொதியில் ஒரு வகைச் சாமானின் பெறுமதி 2,500 டொலரைத் தாண்டினாலே ஏற்றுமதியாளர் மின்னணு முறையில் விபரம் பதிய வேண்டும். யாருக்குப் போகிறது, எந்த முகவரி, என்ன சாமான் எல்லாம் அதில் இருக்கும். திருத்தும் கடை ஒன்று திடீரென்று ஆயிரக்கணக்கில் ஒரே ரக சிப் வாங்கினால் அந்தப் பட்டியலில் அது தனியே துருத்திக்கொண்டு நிற்கும். காசின் பக்கம் இன்னொரு கண். டொலரில் காசு அனுப்பினால் அது பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றின் ஊடாகத்தான் போகும். சந்தேகமான ஏற்றுமதிக் கொடுப்பனவுகளைக் கண்டால் அறிவிக்கும்படி அந்த வங்கிகளுக்கு 2022இலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சாமானுக்கு இன்னொரு விசேடமும் உண்டு. முதல் இரண்டு பெட்டிகள் வந்தபோது கையில் கிடைத்த சுங்கப் பிரகடனத்தை எடுத்து எச்எஸ் குறியீட்டை, அதாவது சாமானின் வகையைக் காட்டும் சுங்க எண்ணை, பாருங்கள். சிப் என்றால் 8542 என்று தொடங்கும். ஜிபிஎஸ் மொடியூல் 8526.91இல் வந்திருக்கலாம். ரஷ்யாவின் ஆயுத உற்பத்திக்குப் போகாமல் தடுக்க அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா, ஜப்பான் நான்கும் சேர்ந்து 50 குறியீடுகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கின்றன. அதன் முதல் அடுக்கில் உள்ள நான்கு குறியீடுகளும் 8542ஐச் சேர்ந்தவை. 8526.91 இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. உக்ரைனில் விழுந்த ட்ரோன்களைப் பிரித்துப் பார்த்தபோது சந்தையில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண சிப்கள் உள்ளே இருந்ததால் உருவான பட்டியல் அது. உங்கள் டுபாய்க்காரர் கேட்பதும் அதே இரண்டு வகைதான். தற்செயலாகவும் இருக்கலாம். நான் சுங்கத்தில் இருந்திருந்தால் தற்செயல் என்று எடுத்திருக்க மாட்டேன்.

இலங்கை யார் கண்ணிலும் படாத சின்னத் தீவு என்றும் எண்ண வேண்டாம். 2024 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா மீது கொண்டுவந்த 13ஆவது தடைத் தொகுதியில் இந்தியா, சீனா, துருக்கி நிறுவனங்களோடு இலங்கையில் பதிந்த நிறுவனம் ஒன்றும் சேர்க்கப்பட்டது.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். விற்பனையாளர் அதைத் தன் சுகத்துக்காக அனுப்பவில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. பிஐஎஸ் தன் விதிகளோடு 'சிவப்புக் கொடி' என்று ஒரு அடையாளப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. வாங்குகிறவரின் தொழிலுக்கும் சாமானுக்கும் பொருத்தமில்லை, எதற்கு என்று சொல்லத் தயங்குகிறார், பயிற்சியோ திருத்த உதவியோ வேண்டாம் என்கிறார், காசை முன்கூட்டியே கொட்டுகிறார், அனுப்பும் பாதை சுற்று வழியாக இருக்கிறது என்று அது போகும். உங்கள் கடிதத்தை அதோடு வைத்துப் படித்தேன். பெரும்பாலானதற்கு அடையாளம் போடலாம். டுபாய் உலகச் சாமான் எல்லாம் வந்து இறங்கும் சந்தை. அங்கே இருக்கும் ஒருவர் அமெரிக்கச் சாமானை யாழ்ப்பாணத்துக்கு எடுப்பித்து, பெட்டி மாற்றி, இரண்டு தரம் அனுப்புகூலி கட்டி வாங்குவது, சுன்னாகத்திலிருந்து நல்லூர் போகிறவன் நெடுந்தீவைச் சுற்றி வருவது போல. நேரே வந்தால் யாரோ மறிப்பார்கள் என்பதைவிட அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரே ஏற்கெனவே ஏதாவது பட்டியலில் இருக்கக்கூடும். பிஐஎஸ்ஸின் பட்டியல்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன, பெயரைத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் பெயர் இல்லை என்பதால் ஆள் சுத்தம் என்று ஆகிவிடாது. கம்பனிப் பெயரை மாற்றுவது சட்டை மாற்றுவது போல.

இங்கே ஒரு நுணுக்கம். உங்கள் சிப்பை டுபாய்க்கு அனுப்ப அமெரிக்க அனுமதி தேவைப்படாமலே இருந்திருக்கலாம். அது சாமானுக்கு அந்த விதிகள் கொடுக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஐந்து இட வகைக் குறியீட்டைப் பொறுத்தது, சாதாரண சாமான்கள் பலவற்றுக்குப் பெரும்பாலான நாடுகளுக்கு அனுமதி தேவையில்லை. அதே சிப் டுபாயிலிருந்து ஈரானுக்கோ ரஷ்யாவுக்கோ போகும் என்று தெரிந்து அனுப்பினால் கதை வேறு. 'தெரிந்து' என்ற சொல்லுக்கு அந்த விதிகள் கொடுக்கும் அர்த்தம் அகலமானது. நடக்கக்கூடும் என்று நன்றாக விளங்கியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அதையும் தெரிந்ததாகவே எடுப்பார்கள். "நான் கேட்கவே இல்லை" என்பது அங்கே எடுபடாது.

எது எப்படி இருந்தாலும், விவசாய ட்ரோன் என்று எழுதிக் கையெழுத்து வைத்த நிமிடத்தில் சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிடும். சிப்புக்கு அனுமதி தேவையோ இல்லையோ, பொய்க் கூற்று தனிக் குற்றம். அதுவரை தெரியாமல் மாட்டிய கடைக்காரர் என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. அதன்பிறகு இல்லை. ட்ரோன் என்று எழுதுவது அதிலும் மடைத்தனம். எங்கள் நாட்டில் ட்ரோன் விவகாரத்துக்குப் பாதுகாப்பு அமைச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை என்று கடக்க வேண்டிய வாசல்கள் எத்தனை. அனுமதி எங்கே என்று யாரும் கேட்டால் எதைக் காட்டுவீர்கள்?

பொய் எவ்வளவு விலை போகும் என்பதற்கு சீனாவின் இசட்டிஈ நிறுவனத்தின் கதை இருக்கிறது. ஈரானுக்குத் தொலைத்தொடர்புச் சாமான் அனுப்பியதற்காக 2017இல் 119 கோடி டொலர் தண்டத்துக்கு அது இணங்கியது. பெரிய தொகைதான், ஆனாலும் கம்பனி தப்பிவிட்டது. அடுத்த வருடம், சம்பந்தப்பட்ட ஊழியர்களைத் தண்டித்துவிட்டோம் என்று அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தது பொய், அவர்களுக்கு முழு போனஸும் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. உடனே அமெரிக்கச் சாமான் எதையும் தொடக்கூடாது என்ற மறுப்பு ஆணையை பிஐஎஸ் அமுலுக்குக் கொண்டுவந்தது. சில கிழமைக்குள் அந்தப் பெரிய கம்பனி தன் முக்கிய வேலைகளை நிறுத்த வேண்டி வந்தது. மேலும் 100 கோடி டொலர் கட்டி, 40 கோடியைப் பிணையாக வைத்துத்தான் மீண்டது.

அவர்கள் நேரிலும் வருவார்கள். சாமான் சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே டில்லி, டுபாய், சிங்கப்பூர் போன்ற நகரங்களில் பிஐஎஸ் அதிகாரிகளை வைத்திருக்கிறது. அனுமதி கொடுக்கு முன் ஒரு சோதனை, சாமான் போன பின் ஒரு சோதனை. வந்து துப்பாக்கியைக் காட்டி மிரட்ட மாட்டார்கள், இங்கே அவர்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை. தேத்தண்ணி குடித்தபடி "நீங்கள் வாங்கிய சாமானைக் காட்டுங்கள், தொடரிலக்கம் பார்க்க வேண்டும்" என்பார்கள். நீங்கள் கதவைச் சாத்தலாம். சாத்தினால் 'சரிபார்க்க முடியாதோர்' பட்டியலில் பெயர் ஏறும். அதற்குப் பிறகு எந்த அமெரிக்க விற்பனையாளரும் உங்கள் கடைக்கு ஒரு ஸ்க்ரூ அனுப்பவும் யோசிப்பார். அதைவிடக் கடுமையான பட்டியல் இன்னொன்று இருக்கிறது, அதில் ஏறியவருக்கு அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும், விண்ணப்பித்தாலும் பொதுவாக மறுப்புத்தான். 2024 ஜூனில் அந்தப் பட்டியலில் ஹொங்கொங்கின் எட்டு முகவரிகளையே சேர்த்தார்கள். ஆளின் பெயர் இல்லை, வெறும் முகவரி. பெயர்ப்பலகைக் கம்பனிகள் ஒரே கட்டடத்தில் முளைத்துக்கொண்டிருந்ததால் அப்படி. உங்கள் கடை வாடகைக் கட்டடமா? அப்படியென்றால் வீட்டுக்காரரையும் ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைப் பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. புதுச் சிப்பை 'பாவித்த கணினி உதிரிப்பாகம்' என்று எழுதி அனுப்பியது எங்கள் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழேயே பிழையான பிரகடனம். சாமான் பறிமுதலாகும், தண்டம் சாமானின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அண்ணா "இலங்கையில் தடை இல்லை" என்றாரே, சாமானுக்குத் தடை இல்லை, பொய்க்கு உண்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு வழக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல மூன்று கம்பனிகள் சாமான் இறக்கின. மூன்றின் விலைப்பட்டியலிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. எங்களோடு வேலை செய்த கிளார்க் பெண் ஒருத்தி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததோடு முடிந்தது. பெட்டிகளைத் திறக்கு முன்னமே விஷயம் பிடிபட்டுவிட்டது.

இனிச் செய்ய வேண்டியது. விற்பனையாளருக்கு நாலாவது ஓடரை இரத்துச் செய்வதாக ஒரே வரியில் எழுதுங்கள். விளக்கம், காரணம், கதை ஒன்றும் வேண்டாம், பொய் அறவே வேண்டாம். டுபாய்க்காரருக்கும் அண்ணாவுக்கும் இனி இல்லை என்று சொல்லுங்கள். வாட்சப் செய்திகளை அழிக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், அதுதான் கடைசியில் கழுத்தை நெரிக்கும். விலைப்பட்டியல், கூரியர் ரசீது, வங்கிக் கூற்று, அவர் 'பாவித்த உதிரிப்பாகம் என்று எழுது' என்று சொன்ன குரல் பதிவு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். அமெரிக்க விதிப்படியே ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு ஓடரிலும் விற்பனையாளரின் இணையத்தளத்தில் ஏதாவது சதுரத்தில் சரி அடையாளம் போட்டீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். 'மீள் ஏற்றுமதி செய்ய மாட்டேன்' என்ற வரி பெரும்பாலும் அங்கே சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். நாங்கள் யாரும் வாசிப்பதில்லை, நானும்தான்.

பிறகு அந்தக் கோப்போடு கொழும்பில் சர்வதேச வர்த்தகம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். ஊரில் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி நல்லவராக இருப்பார், ஆனால் இது அவர் வேலை இல்லை. நடந்ததைத் தானாகவே பிஐஎஸ்ஸுக்குத் தெரிவிக்க ஒரு வழி இருக்கிறது, தெரிவித்தவருக்குத் தண்டனையைக் குறைப்பது அவர்களின் வழக்கம். அதைச் செய்வதா, எங்கள் சுங்கத்துக்கு முதலில் சொல்வதா, எந்த ஒழுங்கில் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்களாக ஒரு மின்னஞ்சல் தட்டி அனுப்பிவிடாதீர்கள். அண்ணா "அமெரிக்காவுக்கு நீ போகப் போவதில்லையே" என்று அடுத்ததாகச் சொல்லக்கூடும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் 1999இல் கைச்சாத்தான குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்படிக்கை இருக்கிறது. சின்னக் கடைக்காரருக்காக அது புறப்பட்டு வரும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். இல்லை என்று நினைத்து நித்திரை கொள்ளவும் வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

அண்ணாவைப் பற்றி. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை, பெரும்பாலும் அவருக்கும் ஒரு பங்கு காட்டியிருப்பார்கள். ஆனால் உங்களைவிட அவர்தான் ஆபத்தான இடத்தில் நிற்கிறார். கனடாவின் விசேட பொருளாதார நடவடிக்கைகள் சட்டத்தின் தடைகள் கனடியர்கள் நாட்டுக்கு வெளியே செய்வதற்கும் பொருந்தும். இதைக் கோபத்தில் சொல்லாமல், பெரியம்மாவை இழுக்காமல், அவரிடமே நேரே சொல்லுங்கள். அவரும் அங்கே ஒரு சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

மூன்றாவது பெட்டி. அதைத் திறக்க வேண்டாம். டுபாய்க்குப் போகாது என்பதற்காக ஊரில் வேறு யாருக்கும் மலிவாக விற்றுத் தலைமுழுகவும் வேண்டாம், பிழை நடந்த சாமான் என்று தெரிந்த பிறகு அதை விற்பதும் கைமாற்றுவதும்கூடத் தனி மீறலாகும். திருப்பி அனுப்புவதா வைத்திருப்பதா என்பதைச் சட்டத்தரணி சொல்வார். அதுவரை நாலு பக்கமும் லேபலோடு படம் எடுத்து, வந்த திகதியை ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டி, கடையில் வேலை செய்யும் பெடியன் தெரியாமல் கூரியர்காரனிடம் கொடுத்துவிடாத உயரத்தில் வையுங்கள்.